எதிர்வீட்டுக்குக் கேட்கிற சத்தம்

சங்கரன்கோவில்
9 ஜூன் 2025

திருமதி பொன்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்திக்குக் கீழே உங்கள் மகன் பிரின்ஸ், காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குரங்கின் படத்தைப் போட்டான். நீங்கள் அதற்குச் சிரித்தீர்கள். நான் உங்கள் எண்ணை பிளாக் செய்தேன். நேரில் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். அதனால் நம் இரண்டு வீட்டிலும் வேலை பார்க்கிற பிச்சம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பூங்காவில் நீங்கள் போட்டிருக்கும் பிக்கிள்பால் கோர்ட் என் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து மட்டையில் படுகிற சத்தம் சுவரையும் தாண்டி வருகிறது. என் அப்பா எழுந்து உட்காருகிறார். பிறகு கதவுப் பக்கம் போகிறார்.

அப்பாவுக்கு ஒரு வருடமாக நினைவு சரியில்லை. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை, உங்களிடம்கூட. பங்குனியில் ஒருநாள் வெளியே போனவரை ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஆட்டோக்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். சென்னையில் இருக்கும் என் தம்பி ஆனந்த்சங்கர் அன்றைக்கே சொல்லிவிட்டான். "இன்னொரு தடவ அப்பா வெளிய போனாருன்னா மதுரையில முதியோர் ஹோம்ல சேத்துருவேன்க்கா. நீ ஸ்கூலுக்குப் போவியா, அவரு பின்னால அலைவியா?" அவன் சொன்னதைச் செய்கிறவன். அப்பா என் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கோர்ட்டை எடுக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்து வாங்கப் போவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்படிக்கு,
கா. மீனலோசினி

*

11 ஜூன் 2025

ஏட்டி மீனா,

'திருமதி'யாம், 'அவர்களுக்கு'வாம். எட்டாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றபோது இந்த மரியாதையெல்லாம் எங்கே போயிருந்தது?

மாமாவுக்கு இப்படி என்று படித்ததும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. போன வருடம் திடீரென்று காலை நடைக்கு வருவதை நிறுத்தினாய். பூங்கா கேட்டில் நின்று உன் வாசலைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினேன். போன் பண்ணினால் "ஸ்கூல்ல வேல" என்றாய். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் நீ. நீயும் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் என்ன தப்புப் பண்ணினேனோ என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து சுகர் ஏறி, பேச்சும் குறைந்து, நான் கிடந்த கிடையைப் பார்த்துத்தான் பிரின்ஸ் இரண்டு மட்டை வாங்கிக்கொண்டு வந்தான். இந்தத் தெருவில் ஊறுகாய்ப் பந்து என்று கேலி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலோடு கிடந்தவள் இன்றைக்கு ஷூ மாட்டி ஓடுகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். மாமா உங்கள் வீட்டுத் தறி செட்டுக்கு அடுத்த அறையில் படுத்துக் குறட்டை விட்டவர். இருபது விசைத்தறி ஓடும்போது நாம் சைகையில்தான் பேசுவோம், அவர் அசையமாட்டார். அந்த மனுஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் பந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா? உனக்குத்தான் எங்கள் சிரிப்புச் சத்தம் பொறுக்கவில்லை.

கோர்ட்டை எடுக்க விடமாட்டோம்.

பொன்செல்வி

*

14 ஜூன் 2025

திருமதி பொன்செல்விக்கு,

தறிச் சத்தம் ஒரே சீராக ஓடும். உங்கள் ஆட்டம் அப்படியா? நாலு தட்டு, ஒரு கூச்சல், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தட்டு. அப்பா அதைத் தறி என்றே நினைக்கிறார். "இழ அறுந்துட்டுட்டீ, போய்ப் பாரு" என்கிறார். செட்டை விற்றுப் பல வருடமாகிவிட்டது என்று சொன்னால், நான் ஏதோ திருடிவிட்ட மாதிரி என்னைப் பார்க்கிறார். பிறகு செருப்பைத் தேடுகிறார். ஒவ்வொரு நாள் காலையும் நான் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறேன். பெற்ற அப்பாவைக் கையைப் பிடித்துத் தள்ளுகிறேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் சிரிப்பு பொறுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுப் பார்த்தால் உங்களுக்கும் பொறுக்காது.

மனுவில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஷரீபா பீவியின் பேரன் மாலையில் படிக்க முடியவில்லை என்று அந்த அம்மா தானாகவே கேட்டு வாங்கிப் போட்டார்.

மீனலோசினி

*

29 ஜூன் 2025

மீனா,

ஜெயித்துவிட்டாய். நகராட்சியிலிருந்து தாள் வந்துவிட்டது. கோர்ட் இருக்கலாம், ஆனால் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். மாலையில் விளக்குப் போடக்கூடாது. காலையில் ஆம்பளைகள் இடம் பிடித்துக்கொள்வார்கள், கடை வைத்திருக்கிற எங்களுக்கு மாலைதான் உண்டு. அது போயிற்று. நேற்று மாலை கடையைச் சாத்திவிட்டு ஷூவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்திருக்கிறோம். கோவில்பட்டி, தென்காசியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். முழுநாள் ஆட்டத்துக்கு முன்பே அனுமதி வாங்கிவிட்டோம். அதைக் கெடுத்துவிடாதே. நான் பெண்கள் இரட்டையரில் ஆடுகிறேன். என் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள். என் கல்யாணத்தன்றைக்குக்கூட 'பொண்ணக் கூப்புடுங்க' என்றுதான் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் ஆட்டக் குழுச் செயலாளர், அந்த உரக்கடை அபிஷேக், உன் மேல் கொதித்துப்போய் இருக்கிறான். "டீச்சரம்மாவுக்கு ஒருநாள் இருக்கு" என்கிறான். நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு இப்போதாவது பரவாயில்லையா?

பொன்செல்வி

*

2 ஜூலை 2025

பொன்செல்விக்கு,

பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. இல்லை. உங்கள் ஆட்டம் குறைந்தபிறகு அப்பா இன்னும் மோசமாகிவிட்டார். மாலையிலும் கதவுக்குப் போகிறார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

13ஆம் தேதி புளியங்குடியில் என் சித்தி மகள் கல்யாணம். விடியுமுன் போய்விட்டு இருட்டும்போதுதான் வருவேன். பிச்சம்மாள் அப்பாவோடு இருப்பாள். ஆடிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நான் ஊரில் இருக்கமாட்டேன், அவ்வளவுதான்.

மீனலோசினி

*

14 ஜூலை 2025

மீனலோசினிக்கு,

உன்னை இனி 'ஏட்டி' என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

நேற்று மத்தியானம் வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. ஓயாமல் ஆட்டம். பிறகு எல்லோரும் சாப்பிட மண்டபத்துக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் வலை பாதிக்கு மேல் வெட்டிக் கிடக்கிறது. அந்த வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மாற்று வலை கிடையாது. வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியேறினார்கள். என் ஆட்டம் மத்தியானத்துக்குப் பிறகு இருந்தது. என் பெயரைக் கூப்பிடவே இல்லை.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். எல்லோரும் உன் பெயரைச் சொன்னார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். நீ கல்யாணத்துக்குப் போனதாகச் சொன்னதெல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்கிறான் அபிஷேக். அவன் வீட்டு கேமரா பூங்கா பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. கேமரா ஆள் வந்து பதிவை எடுத்துக் கொடுத்ததும் தெரிந்துவிடும்.

பொன்செல்வி

*

15 ஜூலை 2025

பொன்செல்விக்கு,

கையெழுத்துப் போட்டாயா? நீயா?

உன் கோர்ட்டை நான் வெறுக்கிறேன். அதை மறைக்கவில்லை, என் பெயரைப் போட்டு மனு எழுதினேன். ஆளில்லாத நேரம் பார்த்துக் கத்தியோடு வருகிறவளா நான்? கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தவர்களை வரிசையாக நிறுத்தட்டுமா? கேமராவைப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு நீயே என் வாசலுக்கு வந்து பதில் சொல்.

பிச்சம்மாளிடம் அன்றைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்று சொல்லிவிட்டு இடத்தைவிட்டுப் போய்விட்டாள். அவளையும் மிரட்டி வைத்திருக்கிறீர்களோ என்னவோ.

மீனலோசினி

*

17 ஜூலை 2025

பொன்செல்விக்கு,

வலையை வெட்டியது நான்தான். கல்யாண வீட்டிலிருந்து மத்தியானம் பஸ்ஸில் வந்து வெட்டிவிட்டுத் திரும்பிப் போனேன். போலீஸில் இப்படியே எழுதிக் கொடுக்கிறேன். என்ன தண்டனையோ அனுபவிக்கிறேன். கேமராவைப் பார்க்க வேண்டாம் என்று அபிஷேக்கிடம் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதைப் பார்க்க வேண்டாம்.

மீனா

*

18 ஜூலை 2025

ஏட்டி மீனா,

உனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்திலும் வராது. நீ சொல்லி நாம் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

உன் கடிதம் வந்ததும் அந்த வலையை எடுத்து வீட்டுக் கூடத்தில் விரித்துப் பார்த்தேன். அன்றைக்குக் கோபத்தில் யாருமே ஒழுங்காகப் பார்க்கவில்லை. மேலும் கீழுமாகப் போகிற இழையை மட்டும் முடிச்சோடு ஒட்டி ஒட்டி வெட்டியிருக்கிறது. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குப் போகிற இழை ஒன்றில்கூடக் கத்தரி படவில்லை. அதெல்லாம் சிக்கில்லாமல் நேர்நேராக, பிரித்துக் கட்டி வைத்திருக்கிறது. வெட்டின துண்டெல்லாம் அன்றைக்குக் கம்பத்தடியில் ஒரு ஓரமாகக் குவித்துக் கிடந்தது. சின்ன வயதில் உங்கள் செட்டுக்கு வெளியே தெருவோடு கம்பு நட்டுப் பாவு விரித்திருப்பார்களே, நெய்வதற்கு முன்னால் அந்த நீள இழையெல்லாம் இழுத்துக் கட்டி, மாமா குனிந்து குனிந்து சிக்கு எடுத்துக்கொண்டு போவாரே, அது மாதிரியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிச்சம்மாளை உட்கார வைத்துக் கேட்டேன். "டிவி பாத்துக்கிட்டே கண்ணசந்துட்டேம்மா. முழிச்சுப் பாத்தா ஐயா அங்கன வலைகிட்ட நிக்காவ, கையில கத்தரி. கூப்புட்டதும் பச்சப்புள்ள மாதிரி வந்துட்டாவ. சொன்னா வேலய விட்டு நிறுத்திருவியன்னு பயந்துட்டேன்" என்றாள். உனக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது, இல்லையா? அவருடைய மடியில் நூல் இருந்ததா?

நேரே அபிஷேக்கிடம் ஓடினேன். நான் போவதற்குள் அவன், யாரென்று உற்றுப் பார்க்காமலே, அந்த வீடியோவைத் தெருக் குழுவில் போட்டுவிட்டான். மாமா என்று தெரிந்தபிறகு அவனுக்கே முகம் செத்துப்போயிற்று, அழித்துவிட்டான். புகாரையும் திரும்ப வாங்கிவிட்டோம். ஆனால் உன் தம்பியும் அந்தக் குழுவில் இருக்கிறானே மீனா. அவன் பார்த்தானா?

பொன்னி

*

21 ஜூலை 2025

பொன்னி,

பார்த்துவிட்டான். தலையணைக்கு அடியிலிருந்து நான் எடுத்த நைலான் நூலை அடுப்பில் போட்டு எரித்தேன். அதனால் என்ன ஆயிற்று? போனில் அவன் கத்தக்கூட இல்லை. "கத்தரியோட நடுத்தெருவுல நிக்காருக்கா. நாளைக்கு ஒரு பிள்ளை மேல பட்டா என்ன செய்வ?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பொதிகை ரயிலில் வருகிறான். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்கிறான். அழுது கேட்டபிறகுதான் அதற்கே சம்மதித்தான். அந்த இரண்டு நாளும் அப்பா சாதுவாக இருந்துவிட்டால் போதும்.

உன்னிடம் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்த இரண்டு நாள் ஆடாமல் இருப்பீர்களா? ஒரு தட்டுக்கூட வேண்டாம்.

மீனா

*

23 ஜூலை 2025

ஏட்டி மீனா,

ஆடமாட்டோம். சிலர் முணுமுணுத்தார்கள். "அந்தம்மா சொன்னதுக்கு ஏற்கெனவே பாதியக் குறைச்சாச்சு, இன்னும் என்ன?" என்று ஒருவர் கேட்டார். அபிஷேக்தான் எழுந்து, "வே, வீடியோவப் போட்டது நானு. வாயப் பொத்திக்கிட்டு ரெண்டு நாள் வீட்டுல கெடங்க" என்று சொல்லிக் கோர்ட் கேட்டில் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். காலையில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற பையன்களிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். கோயில் கொடியேற்றத்துக்கு ரேடியோ கட்ட வந்தவனிடம் நம் தெருவுக்கு ஸ்பீக்கர் வேண்டாம் என்று சண்டை போட்டு அனுப்பினேன்.

ஒரு சத்தம் இருக்காது. நீ தைரியமாக இரு. மாமா எங்கேயும் போகமாட்டார்.

பொன்னி

*

4 ஆகஸ்ட் 2025

பொன்னி,

அன்றைக்குப் பிறகு நீ இரண்டு தடவை வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை. கோபமில்லை. வாயைத் திறந்தால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அப்பா நன்றாகத்தான் இருந்தார். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவனுடைய சட்டைத் துணியைத் தடவிப் பார்த்து, "மில்லுத் துணி" என்று உதட்டைப் பிதுக்கினார். தம்பி சிரித்தான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடியும்போது விழித்துக் காதைத் தீட்டிக் கேட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தீர்கள். தெருவில் குண்டூசி விழுந்தால் கேட்கும். நிம்மதியாகக் கண்ணை மூடினேன். பால் வாங்கப் போன தம்பி கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அதன்பிறகு நடந்ததை நீயும் ஓடிவந்து பார்த்தாய். அப்பா வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். ஷரீபா பீவி வீடு, அபிஷேக் வீடு, உன் வீடு. "எல்லாத் தறியும் நின்னுட்டு. ஒருத்தனுக்கும் காது கேக்கலையா? ஏலே, எழும்புங்கலே." கையெல்லாம் ரத்தம். பால் பையோடு தம்பி தெருமுனையில் நின்று பார்த்தான். மறுநாள் காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டான். காரில் ஏறும்போது அப்பா என்னிடம், "மக்கா, செட்டப் பாத்துக்கோ" என்றார்.

மதுரையில் இருப்பது நல்ல இடம்தான். சுத்தமாக வைத்திருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது, மூச்சுவிட்டால் கேட்கிற அளவுக்கு அமைதி. அங்கேயும் விடியும்போது எழுந்து எல்லா அறைக் கதவையும் தட்டுகிறாராம். இப்படியே போனால் கட்டிலில் கட்டி வைக்க வேண்டியிருக்கும் என்று போன் பண்ணினார்கள். நேற்று போனேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கன ஏன்ட்டீ ஒண்ணுமே ஓட மாட்டேங்கி?" என்று கேட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நின்றால்தான் அவர் எழுந்து ஓட வேண்டும். பந்துச் சத்தம் கேட்டு அவர் ஒருநாளும் எழுந்திருக்கவில்லை பொன்னி. ஒவ்வொரு தடவையும் உங்கள் பந்து வெளியே போய்ச் சத்தம் நிற்கும்போதுதான் எழுந்திருக்கிறார். போட்டியன்றைக்குக் காலை முழுக்க ஓயாமல் ஆடினீர்கள், பிச்சம்மாள் தூங்கும் அளவுக்கு அவர் சாதுவாக இருந்தார். நீங்கள் சாப்பிடப் போனபிறகுதான் கத்தரியை எடுத்திருக்கிறார். நான் மனு எழுதி உங்கள் ஆட்டத்தைக் குறைத்தேன், அவர் மோசமானார். கடைசியில் உன்னிடம் கெஞ்சி, அந்த இரண்டு நாளும் ஒரு தட்டுக்கூட இல்லாமல் செய்தேன். தறிக்காரன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பவர் கட்டானால் எங்கள் வீட்டில் எல்லோரும் முழித்துக்கொள்வோம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்திலேயே நின்றும் எனக்கு அது தோன்றவில்லை.

மனுவை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. ஷரீபா பீவியின் பேரனுக்கு அது நியாயம்தான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நாளைக் காலை ஆம்பளைகளோடு நீயும் இடம் பிடித்து ஆடும்போது போனை வலைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஒரு மணி நேரமும் பதிவு பண்ணி எனக்கு அனுப்பு. விடியும்போது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடவிடுகிறோம் என்று அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அபிஷேக் கத்துவதும் உன் சிரிப்பும் அதில் இருக்கட்டும். பந்து வெளியே போனால் மட்டும் உடனே இன்னொன்றை எடுத்து அடி, பொன்னி. சத்தம் நிற்க வேண்டாம்.

மீனா